சபை நம்பும் பேச்சு

பகல் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்து நூறு பேரிடம் பேசுகிறவர்கள் நாம். தரகரிடம் பேரம் பேசுகிறோம். பாக்கி வைத்தவரிடம் பக்குவமாகப் பேசி வசூலிக்கிறோம். கோபமாக வந்த வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்து அனுப்புகிறோம். அதே நம்மிடம் சங்கக் கூட்டத்தில் "அண்ணாச்சி, நீங்களும் நாலு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ள வழி சொல்லும் நூல்கள் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. நான்கு முறை மேடை ஏறினால் பயம் பாதி தானாகவே போய்விடும் என்பதால் அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஒருவர் கணீரென்று பேசுவார். இடையிடையே குறள் வரும், கைதட்டலும் வரும். கூட்டம் முடிந்து வாசலில் டீ குடிக்கும்போது உறுப்பினர்கள், "அவரு நல்லா பேசுவாரு" என்று சொல்லிக்கொள்வார்கள். அவ்வளவுதான். அவர் சொன்னதை நம்பி ஒரு காரியத்தில் இறங்க மாட்டார்கள். கடையடைப்பு என்று தீர்மானம் போட்டால் பாதி ஷட்டர் திறந்திருக்கும். கூட்டு மனு என்றால் கையெழுத்து விழாது. கட்டட நிதி என்றால் ரசீதுப் புத்தகம் போன வேகத்தில் திரும்பி வரும். சங்கத்தின் பலம் மேடையில் நிற்பவர் மீது சபை வைக்கும் நம்பிக்கையில் பெரிதும் தங்கியிருக்கிறது. அந்த நம்பிக்கை எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வியாபாரிகளிடம் பேசிய முதல் பேச்சு

காந்தியடிகளின் முதல் பொதுக்கூட்டப் பேச்சு யாரிடம், எதைப் பற்றி நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது. அவர் அதை வியாபாரிகளிடம்தான் பேசினார். வியாபாரத்தில் உண்மையாக நடப்பதுதான் தலைப்பு. இடம் தென்னாப்பிரிக்காவில் உள்ள பிரிட்டோரியா, ஆண்டு 1893.

அவர் பிறவிப் பேச்சாளர் அல்லர். 1891-ல் இங்கிலாந்திலிருந்து பாரிஸ்டர் பட்டத்துடன் திரும்பியவர், பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 30 ரூபாய்க் கட்டணத்துக்கு ஒரு வழக்கை எடுத்துக்கொண்டார். குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படி சொல்லி வெளியேறினார். 'சத்திய சோதனை'யில் அவரே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் தென்னாப்பிரிக்காவில் கால் வைத்தபோது வயது 23. தாதா அப்துல்லா என்ற பெரிய வணிக நிறுவனத்தின் வழக்குக்காக, ஓராண்டு ஒப்பந்தத்தில் போயிருந்தார். வழக்கின் மதிப்பு 40,000 பவுண்டு. எதிர்க்கட்சிக்காரர் பிரிட்டோரியாவில் இந்தியர்களிடையே முதன்மையானவராக விளங்கிய தயப் ஹாஜி கான் முகமது சேட். அவர் இல்லாமல் அந்த ஊரில் எந்தப் பொதுக் காரியமும் நடக்காது.

இப்போது நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஊருக்குப் புதியவர், வயதில் சிறியவர், வியாபாரம் செய்து பழகாதவர், ஊர்ப் பெரியவருக்கு எதிரான கட்சியின் சம்பளத்தில் இருப்பவர். சபை இவரை நம்புவதற்கு என்ன காரணம் இருக்கிறது? இவர் செய்த முதல் காரியம், வந்த முதல் வாரத்திலேயே தயப் சேட்டை நேரில் போய்ப் பார்த்ததுதான். ஊரில் உள்ள எல்லா இந்தியர்களையும் சந்திக்க வேண்டும், அவர்களது நிலைமையை அறிய வேண்டும் என்று தம் எண்ணத்தைச் சொன்னார். சேட்டும் உதவ இசைந்தார். கூட்டம் ஹாஜி முகமது ஹாஜி ஜூசப் என்ற வணிகரின் வீட்டில் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் மேமன் வணிகர்கள். சில இந்துக்களும் இருந்தனர்.

சரி, என்ன பேசினார்? வியாபாரத்தில் உண்மை பேசினால் கட்டுப்படியாகாது என்று வணிகர்கள் சொல்வதை அவர் பல முறை கேட்டிருந்தார். உண்மை மதத்தைச் சேர்ந்தது, வியாபாரம் நடைமுறையைச் சேர்ந்தது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தையே நேராக எடுத்துக்கொண்டு மறுத்தார். அயல் நாட்டில் இருக்கும் சில இந்தியர்களின் நடத்தையை வைத்தே கோடிக்கணக்கான இந்தியர்களை மற்றவர்கள் எடை போடுவார்கள், ஆகவே இங்கே நம் பொறுப்பு இரட்டிப்பானது என்றார். சுகாதாரப் பழக்கங்களில் நம்மவர்களிடம் உள்ள குறையையும் வெளிப்படையாகச் சொன்னார். மதம், மாகாணம் என்ற வேற்றுமைகளை மறக்க வேண்டும் என்றார். முறையீடு செய்ய ஒரு சங்கம் அமைக்கலாம், அதற்கு என் நேரத்தையும் உழைப்பையும் தருகிறேன் என்று முடித்தார்.

இன்று நம் கூட்டம் ஒன்றில் வெளியூர் இளைஞர் ஒருவர் வந்து "வியாபாரிகள் உண்மை பேச வேண்டும்" என்று ஆரம்பித்தால் என்ன நடக்கும்? பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும். பிரிட்டோரியாவில் அப்படி நடக்கவில்லை. தம் பேச்சு சபையில் நல்ல பலன் தந்ததாக அவரே எழுதுகிறார். அடுத்தடுத்துக் கூட்டங்கள் நடந்தன. ஊரில் உள்ள இந்தியர்களில் தமக்குத் தெரியாதவர் எவரும் இல்லை என்ற நிலைக்கு விரைவில் வந்துவிட்டார்.

எப்படி முடிந்தது?

சபையின் மனதில் இருந்த கேள்வியை ஒளிக்காமல் முதலிலேயே எடுத்து வைத்தார் என்பது ஒரு காரணம். வந்தவர்கள் எல்லோரும் உள்ளூர நினைத்துக்கொண்டிருந்தது "உண்மை பேசினால் வியாபாரம் நடக்குமா?" என்பதுதான். அதைத் தவிர்த்துவிட்டு நேர்மையின் பெருமையை ஒரு மணி நேரம் விளக்கியிருந்தால், "இந்தப் பையனுக்கு வியாபாரம் தெரியாது" என்று எழுந்து போயிருப்பார்கள். தங்கள் ஐயம் தங்களைவிடத் தெளிவாகப் பேச்சாளர் வாயிலிருந்து வரும்போது, இவர் நம்மை அறிந்தவர் என்று சபை உட்காருகிறது.

வள்ளுவர் பொருட்பாலில் 72-ஆவது அதிகாரமாக அவை அறிதலையும் 73-ஆவதாக அவை அஞ்சாமையையும் வைத்திருப்பது இங்கே கவனிக்கத் தக்கது. சபையை அறிவது முதலில், அஞ்சாமல் பேசுவது அதற்குப் பிறகு. நாம் இதைத் தலைகீழாக்கிப் பயம் தெளிய மட்டும் பயிற்சி எடுக்கிறோம். எதிரே இருப்பவர்கள் மளிகைக்காரர்களா, ஜவுளிக்காரர்களா, தள்ளுவண்டி வியாபாரிகளா என்று விசாரிக்காமலே ஒரே பேச்சை ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம், பேசியதோடு அவர் நின்றுவிடவில்லை. இந்தியர்கள் ரயிலில் படும் துன்பம் பற்றி ரயில்வே அதிகாரிகளுக்கு எழுதினார். ஒழுங்காக உடை உடுத்திய இந்தியர்களுக்கு முதல், இரண்டாம் வகுப்புச் சீட்டுத் தரலாம் என்று பதில் வந்தது. யார் ஒழுங்காக உடுத்தியவர் என்பதை ஸ்டேஷன் மாஸ்டர்தானே முடிவு செய்வார் என்பதால், இதில் கிடைத்த பயன் குறைவுதான் என்றும் எழுதுகிறார். கிடைத்த சிறு வெற்றியை அவர் பெரிதாக்கிக் காட்டவில்லை. ஆங்கிலம் கற்க விரும்பினால் கற்றுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். மூன்று பேர் முன்வந்தார்கள்: ஒரு முடிதிருத்துபவர், ஒரு குமாஸ்தா, ஒரு சிறுகடைக்காரர். இவர்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும், அவர்களுக்கு வேலை இருந்தால் காத்திருக்க வேண்டும். சுமார் எட்டு மாதத்தில் இருவர் கணக்கு வைக்கவும் சாதாரண வியாபாரக் கடிதம் எழுதவும் கற்றுக்கொண்டார்கள். மேடையில் சொன்ன சொல்லுக்கு இப்படி ஒரு பின்பற்று இருந்தால், அடுத்த கூட்டத்தில் பேச்சாளர் வாய் திறக்குமுன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

வழக்கின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். இரு தரப்பையும் பேசி மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்தார் காந்தி. தாதா அப்துல்லாவுக்கு 37,000 பவுண்டும் செலவுத் தொகையும் தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஒரே தவணையில் கட்டினால் தயப் சேட் திவாலாகிவிடுவார். திவாலாவதைவிடச் சாவதே மேல் என்பது அங்கிருந்த மேமன் வணிகர்களிடையே எழுதாத சட்டம். வென்றவரிடமே பேசி நீண்ட தவணைக்குச் சம்மதிக்க வைத்தார். எதிர்க்கட்சிக்காரரின் மானத்தையும் காப்பாற்றியவர் என்ற பெயர் வணிகர்களிடையே எவ்வளவு மதிப்புள்ளது என்பதை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சபை பார்க்கும் மூன்று

சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பற்றி எழுதிய நூலில், கேட்பவர்கள் பேச்சாளரை நம்ப மூன்று காரணங்கள் வேண்டும் என்கிறார்: விஷய ஞானம், நல்லொழுக்கம், கேட்பவர் மீது நல்லெண்ணம். மண்டி பாஷையில் சொன்னால், சரக்குத் தெரிந்தவரா, நாணயமானவரா, நம் பக்கம் நிற்பவரா என்பதே. இந்த நம்பிக்கை, பேசுபவரைப் பற்றி முன்பே இருக்கும் நல்ல பெயரால் மட்டும் வரக்கூடாது, பேச்சிலிருந்தே பிறக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. வரவேற்புரையில் கால் மணி நேரம் அடைமொழி அடுக்குகிறவர்கள் இதை யோசிக்கலாம். பொன்னாடைகள் போட்டு முடிவதற்குள் சாயங்கால வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்.

மூன்றில் நமக்கு அதிகம் சறுக்கல் ஏற்படுவது முதலாவதில், அதாவது விஷய ஞானத்தில்தான். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது ஊருக்கு ஊர் விளக்கக் கூட்டங்கள் நடந்தன. விகிதங்கள் அடிக்கடி மாறின. அந்த நவம்பரில் மட்டும் 170-க்கும் மேற்பட்ட பொருட்கள் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கின. செப்டம்பரில் எடுத்த குறிப்பை வைத்துக்கொண்டு டிசம்பரில் மேடையேறியவர் பேச்சு எப்படி இருந்திருக்கும்? நேற்றைய மார்க்கெட் ரேட்டைச் சொல்லி இன்றைக்கு யாராவது சரக்கு விற்பார்களா? 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்கள் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் வந்தன. ஆகவே மேடையில் ஒரு விதியைச் சொல்லும்போது அது எந்தத் தேதி நிலவரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேதி சொல்பவரைச் சபை நம்பும். தேதி மாறினாலும் அவர் மீது பழி வராது.

அரைகுறைத் தகவல் இன்னும் ஆபத்தானது. 2018-ல் இ-வே பில் வந்தபோது எல்லோர் வாயிலும் 50,000 ரூபாய் என்ற எண்ணே இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு அது சரி. தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு வரம்பு ஒரு லட்சம் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கியவர் பேச்சைக் கேட்டு, தேவையில்லாத சீட்டுக்காகக் கம்ப்யூட்டர் சென்டரில் வரிசையில் நின்றவர் அடுத்த கூட்டத்துக்கு வருவாரா? இதே குழப்பம் எதிர்ப்பக்கமாகத் திரும்பினால் வண்டி வழியில் நிற்கும், அபராதமும் விழும். மைக்கில் சொன்னவருக்கு ஒரு வார்த்தைதான். லாரியில் சரக்கேற்றியவருக்கு அது மாதச் சம்பாத்தியம்.

கேள்வி நேரத்தில் தெரியாதது ஒன்று வந்தால் "தெரியாது" என்று சொல்வதற்கு நம்மவர்கள் கூசுகிறார்கள். கூசத் தேவையில்லை. "இதை நான் ஆடிட்டரிடம் கேட்டு வியாழக்கிழமைக்குள் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதுகிறேன்" என்றால் மரியாதை குறையாது. ஆனால் வியாழக்கிழமை பலகையில் அது இருக்க வேண்டும். எழுதாமல் விட்டால், அன்று தெரியாது என்று சொன்னதும் ஒரு சாக்கு என்று ஆகிவிடும்.

கசப்பை முதலில்

மூட்டையின் வாயில் நல்ல சரக்கைப் பரப்பி அடியில் கழிவை வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். குத்தூசி போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வியாபாரி கொண்டுவரும் நல்ல மூட்டையையும் பத்து இடத்தில் குத்திப் பார்ப்பார்கள். பேச்சும் அப்படியே. பாதகமான செய்தியைக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒளித்து வைத்துச் சொல்பவர், அதற்கு முன் சொன்ன நல்ல செய்திகளையும் கெடுத்துக்கொள்கிறார்.

பிளாஸ்டிக் தடையை எடுத்துக்கொள்வோம். 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை என்றார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு சங்க நிர்வாகி இரண்டு விதமாகப் பேசியிருக்கலாம். "கவலைப்படாதீர்கள், பேசி நிறுத்திவிடுவோம்" என்பது ஒன்று. அன்றைக்குக் கைதட்டல் நிச்சயம். "தடை வந்தே தீரும் என்று எண்ணி நடந்துகொள்ளுங்கள். கேரி பேக் இருப்பு வைத்திருப்பவர்களுக்கு நஷ்டம் உண்டு, எனக்கும் உண்டு. புதிதாகக் கொள்முதல் செய்யாதீர்கள். அவகாசம் கேட்டு மனுக் கொடுப்போம், கிடைக்கும் என்று நான் வாக்குத் தர முடியாது" என்பது மற்றொன்று. இதற்கு முணுமுணுப்புத்தான் வரும். ஜனவரி 2-ஆம் தேதி எவருடைய பேச்சை நினைத்துப் பார்ப்பார்கள் என்பதை உறுப்பினர்களிடமே விட்டுவிடுகிறேன்.

சபை நம்பிவிட்டால் பேச்சு உண்மை என்று ஆகிவிடாது என்பதும் நாம் கண்டதுதான். 2012-ல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் அடுத்தடுத்து முடங்கின. விளம்பரங்களில் சினிமா முகங்கள் வந்தன, மாதந்தோறும் பணம் என்ற வாக்குறுதி வந்தது. கேட்டவர்கள் நம்பினார்கள். "இந்தக் கறியை யார் வாங்குவார்கள், கிலோ என்ன விலை?" என்ற சாதாரண மளிகைக்கடைக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. நம் மேடையில் எவராவது ஒரு திட்டத்தைப் பற்றிப் பேச வந்தால், அவர் என்ன லாபம் வரும் என்று சொல்வதைவிட எங்கே நஷ்டம் வரலாம் என்று எதைச் சொல்கிறார் என்று கவனியுங்கள். அதைச் சொல்லாதவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பணம் கேட்கும் பேச்சு

நன்கொடை கேட்டுப் பேசுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். 1894-ல் நேட்டால் இந்தியர் காங்கிரஸ் தொடங்கியபோது காந்தியும் வணிகர்களும் இதை எப்படிச் செய்தார்கள் என்பதையும் 'சத்திய சோதனை' சொல்கிறது. முதலில் தாதா அப்துல்லா மாதம் 2 பவுண்டு எழுதினார். காந்தி தம் பெயருக்கு மாதம் ஒரு பவுண்டு எழுதினார். அவருடைய அன்றைய நிலையில் அது சிறிய தொகை அல்ல. அதன் பிறகே மற்றவர்களிடம் பட்டியல் போனது. மாதச் சந்தா ஒழுங்காக வசூலாகவில்லை என்று கண்டதும் ஆண்டுச் சந்தாவாக மாற்றினார்கள். வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது, செலவழித்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள்.

டோங்காட் என்ற ஊரில் ஒரு வணிகர் 6 பவுண்டு தருவார் என்று எதிர்பார்த்துப் போனார்கள். அவரோ 3 பவுண்டுக்கு மேல் தர மாட்டேன் என்றார். அவர் குறைத்தால் ஊர் முழுவதும் குறைக்கும். சாப்பாடு அவர் வீட்டில்தான், எல்லோருக்கும் பசி. பணம் வராமல் சாப்பிடுவதில்லை என்று இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர் வணிகர்களும் எடுத்துச் சொன்னார்கள். உடன் வந்தவர்களுக்கு ஆத்திரம் பொங்கியும் ஒருவரும் கடுஞ்சொல் பேசவில்லை. விடியும் நேரத்தில் அவர் 6 பவுண்டும் கொடுத்து விருந்தும் போட்டார். அந்தச் செய்தி பக்கத்து ஊர்களுக்கும் பரவி, அங்கே வசூல் எளிதாயிற்று. நம் வசூல் குழுவினர் இதை முழுக்கப் பின்பற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டேன், இன்றைக்குச் சர்க்கரை நோய் இல்லாத உறுப்பினர் யார்? ஆனால் கேட்பவர் முதலில் தம் பெயரை எழுதியிருந்தால்தான் இப்படி உட்கார முடியும்.

சில சில்லறை விஷயங்கள். "ஏராளம்", "பல லட்சம்" என்ற சொற்கள் அரசியல் மேடைக்குப் பொருந்தலாம். கணக்குப் பார்த்தே வளர்ந்தவர்கள் முன்னால் எடுபடாது. மூட்டைக்கு எவ்வளவு, குவிண்டாலுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள். குறிப்புச் சீட்டைப் பார்த்துப் படிப்பது இழுக்கல்ல; எண்களைச் சீட்டைப் பார்த்துச் சொன்னால்தான் சபைக்கே நிம்மதி. பத்து நிமிடம் என்று சொல்லி எழுந்தால் பத்தாவது நிமிடம் உட்கார்ந்துவிடுங்கள். சபை கண்ணெதிரே சரிபார்க்கக் கூடிய முதல் வாக்குறுதி அதுதான்.

செயலாளர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த பொதுக்குழுவின் முதல் ஐந்து நிமிடத்தில், சென்ற கூட்டத்தில் மேடையிலிருந்து தரப்பட்ட வாக்குறுதிகளை யார் தந்தார் என்ற பெயரோடு வாசியுங்கள். நிறைவேறியது எது, நிலுவையில் எது என்பதையும் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் இதற்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும்.